வேரும் கனியும் ஊறிய தண்ணீர்
(வாடிப்பட்டியில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் வந்தால் தவணை பாக்கியைப் பற்றித்தான் பேசுவான் என்று எண்ணிக்கொண்டு பலர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று காரியதரிசியிடம் முன்னரே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகையால் முன்னே வந்து உட்காரலாம். இன்றைய விஷயம் குடிக்கும் தண்ணீர். அதிலும், வெட்டிவேர், நன்னாரி, சீரகம், எலுமிச்சை, புதினா முதலியவற்றை ஊறவைத்து வீட்டிலேயே மணமுள்ள தண்ணீர் செய்துகொள்ளும் முறை. இது என்ன பெரிய விஷயம், எங்கள் பாட்டிமார் அறியாததா என்று தாய்மார்கள் சிரிக்கலாம். பாட்டிமார் அறிந்ததுதான். ஆனால் அவர்கள் அறிந்ததில் பாதியை நாம் மறந்துவிட்டோம். அவர்கள் அறிய முடியாதிருந்த சில சங்கதிகளை இப்பொழுது நாம் அறிந்துகொண்டிருக்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லவே வந்தேன். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அது என் சொந்தப் பிழையைப் பற்றியது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

நமது பிரதேசத்தின் வேனிலை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையை எட்டும் நாட்கள் பல. 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையையே மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்பதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். வரப்பு வெட்டுகிறவரும், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும், தென்னந்தோப்பில் காய் பறிக்கிறவரும் தாகம் எடுத்த பிறகு குடிப்போம் என்று இருந்தால், தாகம் எடுப்பதற்குள்ளேயே உடம்பு வற்றிப்போயிருக்கும். குடிக்க வேண்டும் என்று தெரிந்தும் ஏன் குடிப்பதில்லை? தண்ணீர் சூடாயிருக்கிறது, உப்புக் கரிக்கிறது, வாய்க்கு ருசியில்லை. இங்கேதான் வெட்டிவேரும் எலுமிச்சையும் நமக்கு உதவி செய்கின்றன. தண்ணீர் குளிர்ந்து, கொஞ்சம் மணந்து இருந்தால், ஒரு செம்பு குடிக்கிறவன் இரண்டு செம்பு குடிப்பான். அதுவே இப்பானங்களின் முதன்மையான பலன். இரத்தத்தைச் சுத்தி செய்யும், எல்லா நோயையும் போக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். எலுமிச்சைத் துண்டு நாலு தண்ணீரில் கிடந்தால் பழத்தின் சத்தில் சொற்பமே தண்ணீரில் இறங்கும். பழத்தைச் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது.

தண்ணீர் கொடுப்பது நமக்குப் புதியதன்று. அழகர் மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வையையில் இறங்கும் சித்திரா பௌர்ணமியில், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பானகமும் நீர்மோரும் வார்க்கும் வழக்கம் எத்தனை தலைமுறையாய் நடந்துவருகிறது! திருமலை நாயக்கர் காலத்துக்கு முன் அழகர் ஆற்றில் இறங்கியது மதுரையில் அல்ல, நமக்கு அண்மையிலுள்ள தேனூரில்தான் என்று பெரியோர் சொல்லுவார்கள். அப்படியானால் பந்தல் வைத்த புண்ணியத்தில் நம் பக்கத்தாருக்கு மூத்த பங்கு உண்டு. அப்பந்தல்களைக் குறித்தும் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அது பின்னே.

முதலில் தண்ணீர். எந்த வேரைப் போட்டாலும், எந்தக் கனியைப் பிழிந்தாலும், அடியில் இருக்கும் தண்ணீர் கெட்டதாயிருந்தால் பானமும் கெட்டதே. இன்னும் சொன்னால், வெறும் தண்ணீரைக் காட்டிலும் அது மோசம். ஏனெனில் நாற்றத்தையும் கலங்கலையும் மணமும் நிறமும் மறைத்துவிடும். எலுமிச்சை பிழிந்தால் உப்புக் கரிப்பு நாக்குக்குத் தெரியாது, உப்பு அங்கேயே இருக்கும். சில ஊர்க் கிணறுகளில் காணும் புளோரைடு என்னும் உப்பும் அப்படியே. அது கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். அப்படிப்பட்ட ஊரார் குடிப்பதற்கு வேறு தண்ணீர்தான் தேட வேண்டும். பேரணையிலிருந்து வரும் பெரியாற்றுக் கால்வாய் 1895 ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று அணை திறந்த நாள் தொட்டு நம் வயலுக்குத் தாய். ஆனாலும் மாடு குளிப்பாட்டி, துணி துவைத்து, அதே கால்வாயில் அள்ளிக் குடிக்கிற வழக்கத்தைத் தாய் மன்னித்தாலும் வாந்திபேதி மன்னிக்காது.

துணியால் வடிகட்டுவது சிறிய காரியம் என்று எண்ணாதீர்கள். நரம்புச் சிலந்தி என்ற வியாதியை இங்குள்ள முதியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். படிக்கிணற்றில் காலை நனைத்து இறங்கி மொண்ட தண்ணீரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக உடம்புக்குள் புகுந்து, ஓராண்டு கழித்து முழங்காலுக்குக் கீழே கொப்புளமாய் வெடித்து, முழ நீளப் புழுவாய் வெளியே வரும். அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பு ஊசியும் கிடையாது. படிக்கிணறுகளை மாற்றியும், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் செய்துமே அது ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டது 1996 ஆம் ஆண்டில். 2000 ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் உறுதி கூறிற்று. ஒரு முழத் துணி செய்த வேலை எப்படிப்பட்டது பாருங்கள். வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய சேலையை நாலு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்ததில், வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். புதுச் சேலையைவிடப் பழஞ்சேலை நல்லது என்பதும் அதில் தெரிந்தது. துவைத்துத் துவைத்து இழை தளர்ந்து கண்கள் நெருங்கிவிடுகின்றன. இதைக் கேட்டு வீட்டுக்காரர்கள் புதுச் சேலை வாங்கித் தராதிருக்கக் கூடாது.

ஆனால் பாதி குறைந்தது என்றால் பாதி நின்றது என்றே பொருள். ஆகையால் வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிஷம் நின்றால் போதும். விறகுக்கு வழியில்லாதவர்கள் குளோரின் மாத்திரை போடலாம். சுகாதார ஊழியர்களிடம் கிடைக்கும். எத்தனை குடத்துக்கு ஒன்று என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு மாத்திரை அளவு வேறுபடும். இதில் ஒரு நுட்பம் உண்டு, பலர் அறியார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிவதற்குள் எலுமிச்சையையோ, நெல்லிக்காயையோ, இலையையோ போடக் கூடாது. அவற்றிலுள்ள சத்து குளோரினை முறித்துவிடும், கிருமி சாகாது. ஒரு மணி நேரம் ஆனபின் போடுங்கள்; அப்பொழுது அதே எலுமிச்சை மருந்து வாடையையும் போக்கிக் கொடுக்கும். காரியம் ஒன்றே, முன்பின் மாறினால் நன்மை தீமையாகிறது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கலைத் தெளிய வைப்பது நல்ல பழக்கம். தெளிந்தது என்பதனால் கிருமி போயிற்று என்று கொள்ளலாகாது. அதற்குப் பின்னும் கொதி வேண்டும்.

மலையாள நாட்டுக்கு வேலையாகவோ சபரிமலைக்கோ போய்வந்தவர்கள், அங்கே வீட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் இளஞ்சிவப்பாய்த் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதிமுகப் பட்டையோ, கருங்காலிக் கட்டையோ, சீரகமோ போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் அது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்த நிறமே சாட்சி. இது கொதித்த தண்ணீர் என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் சாட்சியையும் கெடுக்கலாம். கொதிக்கிற சாயத் தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்துக் கொடுத்தால் நிறம் நிற்கும், பாதுகாப்பு போய்விடும். வீட்டிலும் அவசரத்தில் இதைச் செய்கிறோம். ஆறவைக்க நேரமில்லையென்றால் முந்தின இரவே கொதிக்க வைத்து மூடிவையுங்கள்.

இனிப் பானை. மண்பானையில் தண்ணீர் குளிர்வது மண்ணின் தயவால் மட்டுமன்று. பானையின் நுண்ணிய துவாரங்களால் கசியும் ஈரம் வெளியே ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் காற்று வறண்டிருக்கும் சித்திரையில் நன்றாய்க் குளிரும். ஐப்பசி மழையில் குளிராது. பானையை மூலையில் அடைத்து வைக்காமல், காற்றாடும் இடத்தில், நனைந்த மணல்மேல் வையுங்கள். வெளிப்புறத்தில் வண்ணம் பூசி அழகுபடுத்திய பானை பார்வைக்குத்தான். துவாரம் அடைபட்டுவிடுவதால் குளிராது. புதுப்பானையை ஒருநாள் முழுதும் ஊறவிட்டுக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சோப்பு போடாதீர்கள், பானை அதை உறிஞ்சி, பிறகு தண்ணீரில் விடும்.

வெட்டிவேர் வாங்கும்போது மண் ஒட்டியிருப்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். அது பூமிக்குள் இருந்து வந்தது. நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஒரு பிடியளவு வெள்ளைத் துணியில் தளர்ச்சியாக முடிந்து, ஆறின தண்ணீருள்ள பானையில் இரவு போட்டால் காலையில் மணக்கும். இதுவரை எல்லாரும் செய்வார்கள். மறப்பது அடுத்தது. அந்த முடிச்சைக் கோடை முழுவதும் பானையிலேயே கிடக்க விட்டால் வழுவழுப்பு ஏறி, மணத்தோடு அழுக்கும் சேரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து, கொதிநீர் விட்டு அலசி, வெயிலில் காயப்போட்டு மறுபடி போடுங்கள். இரண்டு முடிச்சு வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடலாம். மணம் குன்றினவுடன் வீசிவிடுங்கள்.

நன்னாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் ஏமாற்று அதிகம். உண்மையான நன்னாரி வேர் மெல்லியதாய், கறுத்த பழுப்பாய், கம்பிபோல் இருக்கும். மணம் அதன் பட்டையில். நடுவிலிருக்கும் வெளுத்த நரம்பில் ஒன்றும் இல்லை. ஆகவே வேரைக் கழுவி, இடிகல்லில் இலேசாய்த் தட்டி, நரம்பை உருவி எறிந்துவிட்டுப் பட்டையை நிழலில் உலர்த்தி வைக்க வேண்டும். சந்தையில் நன்னாரி என்று சொல்லித் தடித்த, சதைப்பற்றுள்ள மாகாளிக் கிழங்கைக் காய வைத்து விற்பதும் உண்டு. மாகாளி விஷமன்று, ஊறுகாய் போடுகிறோம். ஆனால் கொடுத்த விலை நன்னாரிக்கு. புட்டியில் வரும் சர்பத்துகளிலோ வேரே இல்லாமல் வாசனைத் திரவமும் சாயமும் சர்க்கரைப் பாகும் மட்டும் இருப்பவை உண்டு. மேலே ஒட்டிய சீட்டை வாசித்து வாங்குங்கள். வீட்டில் செய்ய: ஒரு கைப்பிடி பட்டையை ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் வடிகட்டினால் நன்னாரித் தண்ணீர். சர்பத்து வேண்டுமானால் அந்தத் தண்ணீரில் சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சிப் புட்டியில் வைத்து, எலுமிச்சை பிழிந்து கலந்து கொடுக்கலாம். மதுரை ஜிகர்தண்டாவிலும் இந்த நன்னாரிப் பாகுதான் சேர்கிறது. அந்தப் பானத்தை நான் குறை கூறினால் மதுரைக்குள் நுழைய முடியாது, ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

சீரகம், கொத்தமல்லி விதை, ஓமம் இவற்றைத் தண்ணீரோடு சேர்த்தே கொதிக்க விடலாம். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. துளசி, புதினா, எலுமிச்சை இலை, நார்த்தை இலை இவற்றைக் கொதிநீரில் போடாமல், ஆறின தண்ணீரில் கசக்கிப் போட வேண்டும், கொதித்தால் கஷாயமாகிவிடும். இலைகளைக் கழுவுவதும் கொதித்த தண்ணீரில்தான். பழம், காய் துண்டுகளுக்கு விதி வேறு. எலுமிச்சை, வெள்ளரிப்பிஞ்சு, நெல்லிக்காய், மாங்காய், திராட்சை எதுவானாலும் முழுதாகத் தோலோடு தேய்த்துக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும். மருந்து தெளித்த தோலை நறுக்கி ஊறவைத்துக் குடிப்பதில் என்ன நன்மை? இரண்டு மூன்று மணி நேரத்தில் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைத் தோல் அதற்குமேல் கசக்கும். கோடையில் காலையில் போட்டதை மாலைக்குள் குடித்து முடியுங்கள். வேரும் விதையும் இரவு ஊறலாம், நறுக்கின பழம் ஊறலாகாது. பக்கத்துச் சிறுமலை எலுமிச்சையும், அழகர்மலைப் பக்கத்து நெல்லியும் நம் சந்தையிலேயே கிடைக்கும்போது, கடல் கடந்து வரும் பழங்களைத் தேட வேண்டிய அவசியமில்லை.

இப்பொழுது என் பிழையைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டத்தில் நான் வேலை பார்த்தபோது, ஒரு சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம் கோடையில் நடந்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம். கூட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை என்பது அந்தச் சங்கத்தின் பழைய நோய். பானகம் கொடுங்கள், வருவார்கள் என்று யோசனை சொன்னவன் நான். தலைவர் வீட்டிலிருந்து பெரிய பித்தளை அண்டா வந்தது. அவருடைய தகப்பனார் காலத்துப் பாத்திரம், பளபளவென்று தேய்த்திருந்தார்கள். வெயில் ஏறுமுன் செய்து முடித்துவிடுங்கள், வேலை ஓயும் என்று சொன்னவனும் நானே. விடியலில் வெல்லமும் புளியும் கரைத்து, எலுமிச்சை பிழிந்து வைத்துவிட்டார்கள். கூட்டம் தொடங்கும்போது மணி பன்னிரண்டு. முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்கள். நாக்கில் ஏதோ செம்புக் காசு பட்டதுபோல் இருந்தது. சபையில் முகம் சுளிக்கலாகாது என்று, பேஷ் என்று சொல்லி வைத்தேன்.

கணக்கு வாசித்து முடியுமுன் ஒருவர் எழுந்து வெளியே ஓடினார். பின்னர் இன்னொருவர். ஏழெட்டுப் பேர் வாந்தி எடுத்தார்கள், நானும் ஒருவன். ஒரு முதியவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தெய்வாதீனமாய் இரண்டு நாளில் தேறி வந்தாள். ஆனால் அதற்குள் ஊரில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியவள் ஒரு விதவை; கூலிக்குத் தண்ணீர் எடுத்துப் பிழைக்கிறவள். அவள் எடுத்த தண்ணீர்தான் காரணம், எந்தக் குட்டையில் எடுத்தாளோ, அவள் கை ராசி அப்படி என்று பேசினார்கள். மறுநாளிலிருந்து நாலு வீட்டில் அவளைத் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளோ தண்ணீரைப் பொதுக் குழாயில் எடுத்திருந்தாள், காய்ச்சியும் இருந்தார்கள். முதியவளைப் பார்த்த டாக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பாத்திரம் என்பதே. குடித்த சிறிது நேரத்துக்குள் எல்லாருக்கும் வாந்தி, காய்ச்சல் இல்லை. இது கிருமியின் வேலையாயிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வராது என்றார். அண்டாவைப் போய்ப் பார்த்தேன். உள்ளே பூசியிருந்த ஈயம் எங்கோ திட்டுத் திட்டாய் இருந்தது, மற்ற இடமெல்லாம் வெறும் பித்தளை. ஆறு மணி நேரம் புளிப்பு அதில் நின்று, செம்பு கரைந்து பானகத்தில் இறங்கியிருக்கிறது. பாட்டிமார் களிம்பு என்று சொன்னது இதைத்தான். பளபளவென்று புளி போட்டுத் தேய்த்ததே அந்த ஈயத்தையும் தேய்த்திருக்கிறது.

தலைவரிடம் சொன்னேன். தகப்பனார் பாத்திரத்தைக் குற்றம் சொல்வதாக அவருக்கு வருத்தம். பஞ்சாயத்தாரும், நடந்தது நடந்துவிட்டது, கிளற வேண்டாம் என்றார்கள். நானும் பத்து நாள் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நாள்தான் என் பிழை. பிறகு கூட்டம் கூட்டி, தப்பு பாத்திரத்தினுடையது, யோசனை என்னுடையது, அந்த அம்மாளுடையதன்று என்று எழுதி வாசித்தேன். தலைவரும் எழுந்து ஆமாம் என்று சொன்னார். அது அவருக்கு எளிதன்று, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த அம்மாள் அதற்குள் வேறு ஊரில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் அனுப்பினோம், வரவில்லை.

ஆகையால் பாத்திரத்தைப் பற்றித் திட்டமாகச் சொல்லுகிறேன். வெறும் தண்ணீரைச் செம்புக் குடத்தில் இரவு வைப்பதில் கெடுதி இல்லை, நன்மையே உண்டு. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் பேதிக் கிருமிகள் அழிந்ததாக 2012 ஆம் ஆண்டில் பெங்களூர் ஆராய்ச்சியாளர் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அது வெறும் தண்ணீருக்கு. எலுமிச்சை, புளி, நெல்லி, மாங்காய், மோர், இவற்றில் ஒரு துளியும் செம்பிலோ, ஈயம் பூசாத பித்தளையிலோ நிற்கலாகாது. அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. மண்பானை, பீங்கான் சாடி, கண்ணாடி, எவர்சில்வர், இவை போதும். பித்தளை அண்டாதான் இருக்கிறது என்பவர்கள் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், மலிவுக்காகக் காரீயம் கலந்தால் ஒரு விஷத்துக்குப் பதில் இன்னொன்று. ஈயம் பூசினதும் நிரந்தரமன்று. மஞ்சள் நிறம் தலைகாட்டினால் மறுபடி பூச வேண்டிய காலம் வந்துவிட்டது. இன்னும் ஒன்று. நாக்குக்குச் செம்பு வாடை தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள், என்னைப்போல் பேஷ் சொல்லாதீர்கள்.

செலவுக் கணக்கு ஒன்று போடாமல் இன்ஸ்பெக்டர் உட்காரலாகாது. ஒரு குடும்பத்தில் குழந்தைகள் நாளொன்றுக்கு 20 ரூபாய் புட்டிப் பானம் இரண்டு குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசி இரண்டு மாதம், 60 நாள், 2,400 ரூபாய். நன்னாரி, வெட்டிவேர், எலுமிச்சை, சீரகம் இவற்றின் விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு நீங்களே எதிர்ப்பத்தியில் எழுதிப் பாருங்கள். பணம் மட்டுமன்று. அந்தக் கறுத்த புட்டிப் பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. ஒரு சிறு புட்டியில் ஐந்தாறு தேக்கரண்டி. ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமென்றால், நம் பானகமும் இதில் யோக்கியமானதன்று. ஒரு லிட்டருக்கு 100 கிராம் வெல்லம் கரைத்தால் அதுவும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். வெல்லம் நம் ஊர்க் கரும்பில் வந்தது என்பதனால் நீரிழிவுக்காரரை அது விட்டுவிடாது. பானகம் திருநாளுக்கு, தினந்தோறும் குடிப்பதற்கு இனிப்பில்லாத சீரகத் தண்ணீரும் வெட்டிவேர்த் தண்ணீருமே. பதநீரும் அப்படியே, இறக்கிய காலையில் நல்ல பானம், சர்க்கரை மிகுந்ததும்கூட.

பேதி கண்ட குழந்தைக்கு மட்டும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே வேண்டும். 1971 ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது, பன்காவ் முகாமில் ஊசி மருந்து தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பீப்பாயில் வைத்துத் தாய்மாரே ஊட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கிற்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. உப்பு கூடக் கூடாது. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பொட்டலமே கிடைக்கிறது. கிடைத்தால் அதுவே நல்லது. நன்னாரியும் துளசியும் இதற்குப் பதிலாகா. குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றிச் சொல்லுவதாக வாக்களித்தேன். பனிக்கட்டி போடாதீர்கள். மீனுக்கும் பாலுக்கும் வைக்கிற பனிக்கட்டி குடிக்கத்தக்க தண்ணீரில் செய்ததன்று. தின்னத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2018 ஆம் ஆண்டிலேயே உத்தரவு செய்தார்கள். வெள்ளையாயிருப்பதனால் நல்லதென்று நம்பிவிடவும் வேண்டாம். பானைகள் குளிர வைத்தால் போதும். இரண்டாவது, பானைக்குள் கை போகக் கூடாது. கொதிக்க வைத்த தண்ணீரில் நூறு பேருடைய விரல் நுனி நனைந்தால் கொதித்ததற்கு என்ன பொருள்? நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்று, அல்லது அடியில் குழாய் வைத்த பானை. குழாய்ப் பானை இப்பொழுது எங்கும் விற்கிறது. டம்ளரைக் கழுவ இரண்டு வாளி வையுங்கள். ஒரே வாளியில் முக்கி முக்கி எடுப்பது கழுவுவதாகாது.

சங்கத்தின் மூலம் என்ன செய்யலாம் என்று தலைவர் கேட்டார். வெட்டிவேரும் நன்னாரியும் வீட்டுக்கு வீடு சில்லறையில் வாங்கும்போதுதான் மாகாளிக் கிழங்கு நம் தலையில் வந்து விழுகிறது. தேவையை எழுதி வாங்கி, மொத்தமாய்ச் சங்கமே தருவித்து, வேரைத் தெரிந்த இரண்டு அம்மாமார் பார்த்து எடுத்த பிறகு அங்கத்தினருக்கு நிறுத்துக் கொடுக்கலாம். இலாபம் வேண்டாம், சேதாரத்துக்கு மட்டும் ஒரு பங்கு வையுங்கள். பட்டியல் காரியதரிசியிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் இன்றே பெயர் எழுதுங்கள், ரொக்கம் முன்னதாகக் கட்ட வேண்டும். பாக்கியைப் பற்றிப் பேச மாட்டேன் என்றேனே தவிர, புதிய பாக்கி வைக்கச் சம்மதிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈயம் பூசுகிறவர் ஒருவர் சங்கக் கட்டிடத்துக்கு வருகிறார். கூலியை எடைக் கணக்கில் பேசியிருக்கிறோம். பித்தளை அண்டா, தவலை, குடம் வைத்திருப்பவர்கள் உட்புறத்தைத் தாங்களே ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அவசியமானவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். தலைவர் வீட்டு அண்டா முதலில் வருவதாக அவரே சொல்லியிருக்கிறார். மணி எட்டுக்குள் வந்தால் வெயிலுக்கு முன் முடித்துக்கொண்டு போகலாம்.